எண்ணிப் பார்த்தவர் யார்?

செல்போன் டவர் வந்துதான் சிட்டுக்குருவி அழிந்தது. இதை நம்பாத ஆளைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2018 நவம்பரில் இதையே கதையாக்கிய ஷங்கரின் '2.0' படம் வெளிவந்த பிறகு இந்த எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாளன்று பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்தால், மேடையேறும் பிள்ளைகள் எல்லார் பேச்சிலும் டவர் வரும். அட்டைப் பெட்டியில் கூடு செய்து மாட்டுகிற பிள்ளைகூட அதில் "கதிர்வீச்சு வேண்டாம்" என்று எழுதித்தான் மாட்டுகிறது.

நான் திருவாரூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். என் மாணவிகளில் பாதிப் பேர் வயல் வேலைக்குப் போகிற குடும்பம். மீதிப் பேர் வீட்டில் சின்னதாக ஒரு கடை, ஒரு டீ ஸ்டால், ஒரு தையல் மிஷின். பல வீடுகளில் போன் ஒன்றுதான். அப்பா வேலை முடிந்து வந்த பிறகு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அது பிள்ளை கைக்கு வரும். அந்தக் கொஞ்ச நேரத்தில் பார்க்கிற வீடியோவும் படிக்கிற பார்வேர்டும் நான் வருஷம் முழுக்கக் கரும்பலகையில் எழுதுவதைவிட ஆழமாக மனதில் இறங்கிவிடுகின்றன. அதனால் பதினோராம் வகுப்பு தொடங்கியதும், பாடத்துக்குள் போவதற்கு முன்பே, இந்தக் குருவிக் கதையைக் கையில் எடுத்துக்கொள்வேன். டவரைக் காப்பாற்றுவதோ திட்டுவதோ என் வேலை இல்லை. ஓர் உயிரியல் செய்தி கண்ணில் பட்டால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அது பிறந்த இடம் வரைக்கும் போகப் பழக்குவதுதான் வேலை. உயிரியலில் எந்த வாக்கியத்துக்கும் அடியில் யாரோ ஒருவர் எங்கோ நின்று எதையோ பார்த்திருக்க வேண்டும், எண்ணியிருக்க வேண்டும், அளந்திருக்க வேண்டும். அந்த ஆள் கிடைக்கும் வரைக்கும் நம் கையில் இருப்பது பேச்சு மட்டும்தான்.

தமிழில் தேடினால் முதல் பக்கத்தில் வருவது யூடியூப் வீடியோக்களும் சினிமாக் கட்டுரைகளும். அவற்றில் ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்து, முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டுத் தேடச் சொல்வேன். அதே வாக்கியம், அதே எழுத்துப் பிழையோடு, வரிசையாகப் பல தளங்களில் வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு இதுதான் முதல் அதிர்ச்சி. இத்தனை பேர் சொல்கிறார்களே என்று நம்பியது, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் நகல் எடுத்தது என்று தெரிந்ததும் முகம் மாறிவிடும். அந்தப் பதிவுகளில் கட்டுரையாளர் பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, எந்த ஊரில் யார் செய்த ஆய்வு என்று சொல்லியிருக்கிறதா என்று பார்ப்போம். "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துள்ளனர்" என்று இருக்கும். எந்த விஞ்ஞானிகள் என்று இருக்காது.

அடுத்து, பறவையின் அறிவியல் பெயரான பாஸர் டொமெஸ்டிகஸ் என்பதை ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடுவோம். நம் பக்கம் சிறிய பறவை எல்லாமே சிட்டுதான். தினைக்குருவியும் தையல்சிட்டும்கூட அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். அறிவியல் பெயரைப் போட்டால் உலகம் முழுக்க அந்த ஒரே இனத்தைப் பற்றி எழுதியது மட்டும் வந்து விழும். அப்போதுதான் பிரிட்டன் கதை தெரியவரும். அங்கே சிட்டுக்குருவி குறையத் தொடங்கியது 1970களின் பின்பாதியில். 2002இல் அந்த நாட்டுப் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் 'இண்டிபென்டென்ட்' பத்திரிகை, குருவி ஏன் மறைகிறது என்று அறிவியல்பூர்வமாக விளக்குபவருக்கு 5,000 பவுண்டு பரிசு என்று அறிவித்தது. லண்டன்காரர்களுக்கு இது அவ்வளவு பெரிய துக்கமாக இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் பிள்ளைகளை ஆண்டுகளை வரிசையாக எழுதச் சொல்வேன். பிரிட்டனில் செல்போன் சேவை தொடங்கியது 1985 ஜனவரி. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31. சென்ற ஆண்டு முன்வரிசையில் இருந்த ஒருத்தி சட்டென்று எழுந்தாள்: "மிஸ், அப்ப டவர் வர்றதுக்கு முன்னாடியே குறைய ஆரம்பிச்சிருச்சே?" நான் எதுவும் சொல்லவில்லை. வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டது. காரணம் என்று சொல்லப்படுவது, விளைவுக்கு முன்னால் வந்திருக்கிறதா? இதைக் கேட்க எந்தப் பட்டமும் தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்.

அதற்காக டவர்க் கதை முழுப் பொய் என்று முடித்துவிடவும் விடமாட்டேன். அதற்கும் ஆய்வு இருக்கிறது. அதையும் தேடி எடுக்க வேண்டும். 2007இல் பெல்ஜியத்தில் வந்த ஒரு கட்டுரை கென்ட், சின்ட்-நிக்லாஸ் நகரங்களுக்கு இடைப்பட்ட குடியிருப்புகளில் 150 இடங்களில் ஆண் குருவிகளை எண்ணி, செல்போன் அலையின் மின்புலத்தையும் அங்கேயே அளந்தது. மின்புலம் கூடுதலாக இருந்த இடங்களில் குருவி குறைவாகத் தென்பட்டது. அதே ஆண்டு, அதே ஆய்விதழில், ஸ்பெயினின் வயாதொலித் நகரிலிருந்து வந்த இன்னொரு கட்டுரையும் 30 இடங்களில் பல ஆண்டுகள் பார்த்துவிட்டு அதையே சொன்னது. இவை கற்பனை இல்லை. ஆட்கள் தெருவில் நின்று எண்ணியிருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு முதலில் மரியாதை கொடுக்க வேண்டும். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். ஓர் இடத்தில் செல்போன் அலை ஏன் அதிகமாக இருக்கிறது? மனிதர்கள் நெருக்கமாக இருப்பதால். மனிதர்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் சிமெண்ட் தரை அதிகம், செடி குறைவு, பூச்சி குறைவு, ஓட்டுக்கூரையின் இடுக்கு குறைவு. குருவி குறைந்தது அலையாலா, பூச்சி இல்லாததாலா? இரண்டும் சேர்ந்தே இருக்கும் இடத்தில் எண்ணினால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. பெல்ஜிய ஆய்வு ஒரே ஓர் இனப்பெருக்கப் பருவத்தில் எடுத்தது என்பதும் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.

பூச்சிப் பக்கம் என்ன ஆதாரம் என்று பார்த்தால், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கூட்டுக்குள் இருந்த குஞ்சுகளையே கவனித்த ஆய்வு கிடைக்கிறது. வளர்ந்த குருவி தானியம் தின்னும். குஞ்சுக்குப் பூச்சி வேண்டும். அசுவினி, சிலந்தி, புழு இவை போதுமான அளவு கிடைக்காத கூடுகளில் குஞ்சுகள் மெலிந்தன, செத்தன. 2019இல் லண்டனின் 11 குருவிக் கூட்டங்களில் இரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு, சராசரியாக 74 விழுக்காடு குருவிகளிடம் பறவை மலேரியாக் கிருமி இருந்ததைக் காட்டியது. ஆக, ஒரே பறவைக்கு ஒரே நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள். ஒரே காரணத்தைச் சொல்லி முடிக்கிற பதிவைக் கண்டால் என் பிள்ளைகள் இப்போது கொஞ்சம் தயங்குகிறார்கள். எனக்கு அந்தத் தயக்கம் போதும்.

இந்தியாவில் யார் எண்ணினார்கள்? இங்கே 1970களில் பிரிட்டனைப் போல ஆண்டுதோறும் ஒழுங்காக எண்ணி வைத்த கணக்கு இல்லை. "எங்க தாத்தா வீட்டு முற்றத்துல எவ்வளவு குருவி இருக்கும் தெரியுமா" என்கிற நினைவுதான் இருக்கிறது. நினைவு உண்மைதான், ஆனால் அது ஒரு முற்றத்தின் உண்மை. 2020 பிப்ரவரியில் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கைதான் முதல் பெரிய முயற்சி. ஏறத்தாழ 15,500 பறவை ஆர்வலர்கள் இ-பேர்ட் தளத்தில் பதிந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 867 இனங்களை மதிப்பிட்டார்கள். சிட்டுக்குருவி நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் 25 ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய மாற்றமில்லாமல் இருக்கிறது. ஆறு பெருநகரங்களில் மட்டும் மெல்லக் குறைகிறது என்று அந்த அறிக்கை சொன்னது. அழிந்துவிட்டது என்று நாம் மேடையில் அழுகிற பறவை! டவருக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதையும் அது குறிப்பிட்டது. உலக அளவில் ஐ.யூ.சி.என். பட்டியலிலும் இது 'கவலை குறைந்த' இனமாகத்தான் இருக்கிறது; எண்ணிக்கை இறங்குமுகம் என்ற குறிப்பு அதே பக்கத்தில் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அந்த அறிக்கைக்கும் வரம்பு இருக்கிறது. பறவை ஆர்வலர்கள் போகிற இடத்தில்தான் பதிவு இருக்கும். எங்கள் ஊரைச் சுற்றி இ-பேர்ட் வரைபடத்தில் பெரிய பெரிய வெற்றிடங்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் என் மாணவிகள் சிலர் பேருந்து நிலையத்தில், அரிசி மண்டி வாசலில் நின்று எண்ணிப் பதிந்தார்கள். மண்டி வாசலில் சிந்திய நெல்லுக்குக் குருவிகள் கும்பலாக வந்திருந்தன. பக்கத்துக் கட்டடத்தின் ஷட்டர் பெட்டிக்குள் கூடு. அதே கட்டடத்தின் மாடியில் ஒரு டவர் நின்றது. இதை வைத்து டவர் நல்லது என்று எழுதிவிடாதே என்று அவர்களிடம் சொன்னேன். ஒரு கட்டடத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஆனால் எண்ணிப் பதிந்த பிறகு அந்தப் பிள்ளைகள் மற்றவர்களின் எண்ணிக்கையைப் படிக்கிற விதமே மாறிவிட்டது. "மிஸ், இவங்க காலையில எண்ணினாங்களா, சாயங்காலமா?" என்று கேட்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்த கேள்வி இல்லை அது.

ஓர் உண்மையான ஆய்வு போகிற வழியில் எப்படி உருமாறுகிறது என்பதற்கு ராபின் பறவையைச் சொல்வேன். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வலசை போகும் ஐரோப்பிய ராபின்களை மரக் குடில்களில் வைத்துச் சோதித்தார்கள். வலசைக் காலத்தில் இந்தப் பறவை பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து திசை பிடிக்கும். பல்கலைக்கழக வளாகத்துக் குடிலில் அவற்றால் திசை பிடிக்க முடியவில்லை. குடிலுக்கு அலுமினியத் தகடு அடித்துத் தரையோடு இணைத்ததும் சரியான திசைக்குத் திரும்பின. இணைப்பை எடுத்தால் மறுபடி தடுமாற்றம். 2014இல் 'நேச்சர்' இதழில் வந்த இந்த ஆய்வு மிகவும் கவனமாகச் செய்யப்பட்டது. நான் பெரிதும் மதிக்கிற ஒன்று. இதைச் செல்போனுக்கு எதிரான சாட்சியாகப் பல பதிவுகள் எடுத்துப் போடுகின்றன. கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்தாலே விஷயம் தெரிந்துவிடும்: பறவையைக் குழப்பிய அலைவரிசை 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் தாத்தா கேட்ட மீடியம் வேவ் வானொலி இருக்கும் இடம் அது. செல்போன் 900, 1,800 மெகாஹெர்ட்ஸ் என்று எங்கோ மேலே இருக்கிறது. ஆய்வு உண்மை, பறவை உண்மை, அதிலிருந்து செய்த முடிவு வேறு.

யார் சொன்னால் யாருக்கு லாபம் என்ற கேள்வியும் உண்டு. அதை எல்லாப் பக்கமும் திருப்பிக் கேட்க வேண்டும். '2.0' வந்தபோது செல்போன் நிறுவனங்களின் கூட்டமைப்பு தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. டவரால் ஆபத்தே இல்லை என்று அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் விற்கிறவர் சொல்வதையும்தான்.

குருவி விஷயத்தில் ஏமாந்தால் உடனே யாருக்கும் உயிர் போகாது. உடம்பு விஷயம் அப்படி இல்லை. எங்கள் தெருவில் ஓர் அக்கா, மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கீமோதெரபி நடந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு வந்தார். "டீச்சர், நீங்க பயாலஜிதானே? இதைக் கொஞ்சம் பாருங்க. முள்சீத்தாப்பழம் கீமோவை விடப் பத்தாயிரம் மடங்கு சக்தியாம். எங்க நாத்தனார் இலைக் கஷாயம் போட்டுக் குடிக்கச் சொல்றாங்க. ஊசியை நிறுத்திரலாமா?" கையில் ஊசி ஏறிய இடமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அவருக்கு நிறுத்திவிட வேண்டும் போல இருந்தது. அதற்கு ஓர் அனுமதி தேடி வந்திருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வலியைப் பட்டவர் அவர்தான்.

அன்று ராத்திரி அந்தப் பத்தாயிரத்தைத் தேடி உட்கார்ந்தேன். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் என்ற தளம் 1997இலிருந்து எல்லாருக்கும் இலவசம். உயிரியல், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் பதிவுகள் மூன்றரைக் கோடிக்கும் மேல் அதில் இருக்கின்றன. முள்சீத்தாவின் அறிவியல் பெயரான அனோனா முரிகாட்டாவைப் போட்டு, பழைய கட்டுரைகளை நோக்கிக் கீழே கீழே போனால், 1996இல் 'ஜர்னல் ஆஃப் நேச்சுரல் ப்ராடக்ட்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை கிடைத்தது. பத்தாயிரம் அங்கே இருந்தது! பொய் எண் இல்லை. ஆனால் அது பழத்தைப் பற்றியது இல்லை, இலையைப் பற்றியதும் இல்லை. விதையிலிருந்து பிரித்தெடுத்த ஐந்து சேர்மங்களில் ஒன்று, பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களில் குறிப்பிட்ட ஒரே ஒரு வகையின் மேல், ஆய்வகத் தட்டில், அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியத்தோடு வேலை செய்தது. எலிக்குக்கூடக் கொடுத்த சோதனை இல்லை. தட்டில் இருக்கிற செல்லைக் கொல்வதற்கு எத்தனையோ பொருள் உண்டு. பிளீச்சிங் பவுடர் கரைசலும் கொல்லும். மனித உடம்புக்குள் போய், கல்லீரலைத் தாண்டி, நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்ட செல்லை மட்டும் தேடிக் கொல்கிறதா என்பதுதான் மருந்தின் கேள்வி.

தேடலை அங்கே நிறுத்தவில்லை. ஒரு பொருள் நல்லது என்று தேடினால் நல்லது என்று சொல்பவை மட்டுமே வரும். அதன் பெயரோடு நச்சு, பக்கவிளைவு என்ற சொற்களையும் சேர்த்துத் தேட வேண்டும். அப்படித் தேடியதில் 1999இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு கிடைத்தது. கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில், வழக்கத்துக்கு மாறான ஒரு பார்க்கின்சன் வகை நரம்பு நோய் அதிகமாக இருந்தது. அந்த நோயாளிகள் முள்சீத்தா வகைப் பழங்களையும் அவற்றின் இலைக் கஷாயத்தையும் அதிகமாக உட்கொண்டவர்களாக இருந்தார்கள். அந்தத் தாவரத்தில் உள்ள அனோனாசின் என்ற பொருளை எலிகளுக்கு ஏற்றியபோது மூளைச் செல்கள் சேதமாவதைப் பின்னால் வந்த ஆய்வு காட்டியது. இங்கேயும் குருவிக்கு வைத்த அளவுகோலைத்தான் வைக்க வேண்டும்: குவாதலூப்பில் கண்டது தொடர்பு, கஷாயம்தான் காரணம் என்று அந்த ஆய்வு மட்டும் நிறுவிவிடாது. ஆனால் புற்றுநோய்க்கு ஆதாரம் தட்டில் நிற்கிறது, நரம்புக்கு ஆபத்து என்ற சந்தேகம் மனிதர்கள் வரைக்கும் வந்திருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அக்காவிடம் சொன்னேன். "சாப்பிட ஆசையா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் பழம் சாப்பிடுங்க. கஷாயம் வேணாம். ஊசியை மட்டும் நிறுத்திராதீங்க அக்கா." கட்டுரையின் சுருக்கத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை நாத்தனாரிடம் காட்டியிருக்கிறார். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேள்வி. ஊசிக்கு மட்டும் தொடர்ந்து போனார்.

பப்மெட்டில் இருந்துவிட்டாலே ஒரு கட்டுரை சரியாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அது ஒரு பட்டியல், நற்சான்றிதழ் இல்லை. ஆய்விதழ் என்ற பெயரில் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிற கடைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. 2013இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கனிலிருந்து புற்றுநோய் மருந்து கிடைத்ததாக, பள்ளிப் பிள்ளையே பிழை கண்டுபிடிக்கக்கூடிய ஒரு போலிக் கட்டுரையை எழுதி 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அதனால் ஒரே ஒரு கட்டுரையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், அதே கேள்வியில் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் தொகுப்பாய்வு உண்டா என்று பார்ப்பது நல்லது. பப்மெட்டில் 'ரிவ்யூ' என்று வடிகட்டினால் வரும். கட்டுரையின் தலைப்பு மேல் 'ரிட்ராக்டட்', அதாவது திரும்பப் பெறப்பட்டது, என்ற சிவப்பு எழுத்து இருக்கிறதா என்பதைப் பார்க்க ஒரு நொடிதான் ஆகும்.

சக ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே வெளியிடப்படும் பிரீபிரிண்ட் கட்டுரைகள் இன்னொரு வகை. 2020 ஜனவரிக் கடைசியில் கொரோனா வைரஸுக்குள் எச்.ஐ.வி.யின் துண்டுகள் இருப்பதாக ஒரு பிரீபிரிண்ட் பயோஆர்கைவ் தளத்தில் வந்தது. மற்ற ஆய்வாளர்கள் அதே தளத்தின் கீழேயே பிழையைச் சுட்டிக்காட்ட, சில நாட்களில் எழுதியவர்களே திரும்பப் பெற்றார்கள். அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்ட வேகம் அழகானது. ஆனால் அந்தச் சில நாட்களில் கிளம்பிய பார்வேர்டுகள் பல மாதம் சுற்றின. திரும்பப் பெற்ற செய்தியை யாரும் பார்வேர்ட் செய்யவில்லை.

நல்ல இதழ்களும் பழைய எண்ணைப் பல காலம் சுமக்கும். நம் உடம்பில் மனிதச் செல்லைவிடப் பாக்டீரியா பத்து மடங்கு என்று நானே படித்த புத்தகங்களில் இருந்தது. இதன் வேரைத் தேடியவர்கள் 1972இல் ஒருவர் போட்ட மேலோட்டமான கணக்கில் போய் நின்றார்கள். குடல் முழுவதும் ஒரு லிட்டர், எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி என்று எடுத்துக்கொண்ட கணக்கு. உண்மையில் பாக்டீரியா நெருக்கமாக இருப்பது பெருங்குடலில். அதன் கொள்ளளவு 0.4 லிட்டர். 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் மறுபடி கணக்கிட்டபோது ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனிதச் செல் என்று வந்தது. கிட்டத்தட்ட சமம். இந்தக் கட்டுரை இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. பிளஸ் டூ பிள்ளை கூட்டல் கழித்தல் தெரிந்தால் தொடர்ந்து போகலாம், இரத்தச் சிவப்பணுவே மனிதச் செல்களில் 84 விழுக்காடு என்ற வரியில் என் வகுப்பு எப்போதும் "என்னது!" என்று கத்தும்.

விக்கிப்பீடியாவைத் தொடாதே என்று நான் சொல்வதில்லை. கட்டுரையைப் படி, பிறகு அடியில் இருக்கிற மேற்கோள் எண்ணைத் தட்டிப் போ என்பேன். தமிழ்க் கட்டுரை சிறியதாக இருந்தால் அதே பக்கத்தின் ஆங்கில வடிவத்துக்குப் போகலாம். இப்போது பிள்ளைகள் கூகுளுக்கே போகாமல் ஏ.ஐ. உரையாடல் செயலிகளிடம் கேட்கிறார்கள். தமிழில் கேட்டால் தமிழிலேயே, பொறுமையாகச் சொல்கிறது. கிராமத்துப் பிள்ளைக்கு அது பெரிய வரம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஆதாரம் கேட்டால் இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு, இதழ், ஆண்டு எல்லாம் சுத்தமாகக் கொடுத்துவிடும். அந்தத் தலைப்பை கூகுள் ஸ்காலரில் போட்டுப் பார். வந்தால் படி, வராவிட்டால் அந்தப் பதிலை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதே. படத்துக்கும் இதே எச்சரிக்கை. 2024 பிப்ரவரியில் ஏ.ஐ. வரைந்த ஓர் எலியின் படம், உடம்பைவிடப் பெரிய இனப்பெருக்க உறுப்போடும் அர்த்தமில்லாத பெயர்க் குறிப்புகளோடும் ஓர் ஆய்விதழிலேயே அச்சாகி, சில நாட்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எலியின் உடற்கூறு தெரிந்த எங்கள் பிளஸ் டூ மாணவி ஒருத்திக்கு அந்தப் படத்தைக் காட்டியதுமே பிடிபட்டுவிட்டது.

தேடவே நேரம் இல்லாத ஒன்று உண்டு. அதைப் பற்றி மட்டும் ஆண்டுத் தொடக்கத்திலேயே, வயல் வேலை தொடங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுகிறேன். பாம்புக்கடி. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. வீடு வீடாகப் போய் இறப்புக்கான காரணத்தைக் கேட்டு எடுத்த கணக்கு அது. மருத்துவமனைக்கே போகாமல் செத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இது வெறும் எண் இல்லை. தேடினால் வருகிற வீடியோக்களில் இறுக்கிக் கட்டு, கீறி விடு, வாயால் உறிஞ்சு, பச்சிலை அரைத்துப் பூசு என்று எல்லாம் வருகிறது. வலி இல்லை என்றால் விஷம் ஏறவில்லை என்று ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே இருக்காது. ராத்திரித் தரையில் படுத்திருந்தவரைக் கடித்துவிட்டுப் போயிருக்கும், விடிவதற்குள் இமை தொங்கி மூச்சுத் திணறும். அந்த வீடியோவைக் கேட்டு வீட்டில் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நான் நம்புவது உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்கென்று வெளியிட்ட பாம்புக்கடிச் சிகிச்சை வழிகாட்டியை. அதற்குக் காரணம் பெரிய பெயர் என்பது மட்டுமல்ல. எந்த ஆண்டுப் பதிப்பு, யார் எழுதினார்கள், எந்தப் பரிந்துரைக்கு என்ன ஆதாரம், ஆதாரம் வலுவா மெலிவா என்பதெல்லாம் அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது. அதிலிருந்து வீட்டுக்குத் தேவையானதை மட்டும் தமிழில் எழுதி, வட்டார அரசு மருத்துவமனை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிச் சரிபார்த்து, வகுப்பில் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். கடிபட்டவரை நடக்க விடாதே. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்று. கடிபட்ட கை காலை எலும்பு முறிந்ததற்குக் கட்டுவது போல அசையாமல் வை; கயிறு போட்டு இறுக்காதே, கீறாதே, உறிஞ்சாதே. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாதே. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் ஆஸ்பத்திரியில் இருப்பது ஒரே மருந்து. 108க்குப் போன் செய். 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இனி நம் ஊர்க் கணக்கும் ஒழுங்காகச் சேரும். தாளின் அடியில் வழிகாட்டியின் பதிப்பு ஆண்டையும் நான் சரிபார்த்த மாதத்தையும் எழுதியிருக்கிறேன். புதிய பதிப்பு வந்தால் பழைய தாளை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்பேன். போனில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னபோது ஒருத்தி கேட்டாள், "ராத்திரி போன்ல சார்ஜ் இல்லைன்னா என்ன செய்யறது மிஸ்?" அதனால் இந்த ஆண்டு தாளை வீட்டுச் சுவரில், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.